கண்ணாடி தளர்த்தித் தரப்படும்

எங்கள் அலுவலகத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. ஒரு நட்டை இறுக்கத் துப்பில்லாமல் ஒரு பதவியையே உண்டாக்கிவிட்டோம் என்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள், சாப்பாடு போடும்போது என் மனைவியே சொல்கிறாள். வாகனப் பிரிவின் எழுத்தர் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி எடுத்துரைப்பது என் கடமையாகிறது. படித்துவிட்டுப் பேசுங்கள். படித்துவிட்டுப் பேசுகிற வழக்கம் ஊரில் கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்களுடையது குடிநீர் அளவீட்டு அலுவலகம். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, எவ்வளவு தண்ணீர் செலவாயிற்று என்று குறித்துக்கொண்டு வருவது எங்கள் பணி. அதற்காக மீட்டர்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்திருக்கிறோம். வண்டியின் பெட்ரோல் டாங்கில் அலுவலக முத்திரை இருக்கும். எங்களிடம் பல மீட்டர்காரர்கள் உண்டு. ஆனால் இங்கே மீட்டர்காரர் என்று நான் சொன்னால் அது ஒருவரைத்தான் குறிக்கும். வாயில்லாப் பூச்சி. வீட்டுக்காரர்கள் நாயை அவிழ்த்து விட்டால்கூட, நாய் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வருகிற மனுஷன்.

அவருடைய வண்டியில் வலப்பக்கம் ஒரு கண்ணாடி. இடப்பக்கக் கண்ணாடி வண்டி வந்த நாளிலிருந்தே கிடையாது, ஆகையால் அது ஆட வாய்ப்பில்லை. வலப்பக்கக் கண்ணாடி கிளம்பும்போது யோக்கியமாகத்தான் இருக்கும். பின்னால் கிடக்கிற சாலையை முழுசாகக் காட்டும். முதல் வளைவு தாண்டினதும் அவர் தோளைக் காட்டும். கடைத்தெருவில் குண்டும் குழியுமான இடம் வந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவருடைய சட்டைப்பையைக் காட்டும். கையால் தூக்கி நிறுத்துவார். கையை எடுத்ததும் மறுபடி சட்டைப்பை. பையில் பேனா இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். பின்னால் லாரி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியாது.

இது அவருக்கு ஏன் பெரிய விஷயமாயிற்று என்றால், பின் சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை, மதிய ஷிப்டு. காலையில் இவர் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரவு கம்பெனி வேன் அவரை இறக்கிவிடும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலிருந்து கம்பெனி வாசல் வரை கொண்டுபோய் விடுகிறாரே, அந்தச் சவாரிதான் அவர்களுடைய குடித்தனம். வாடகை, மாமியார், பல்வலி எல்லாம் அந்த வண்டியில்தான் பேசித் தீர்ப்பார்கள். அலுவலக வண்டியின் பின் சீட்டில் யார் உட்காரலாம் என்று விதிகளில் எங்கும் இல்லை. இல்லாத விதியை மீற முடியாது என்பதால் நாங்களும் கண்டும் காணாமல் இருந்தோம்.

ஒருநாள் கடைத்தெருவில் ஒரு தண்ணீர் லாரி அவர்களை உரசிக்கொண்டு போனது. எங்கள் அலுவலகத்து லாரிதான். அந்த அம்மா தோளில் இருந்த பையின் பிடி லாரியின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, பிடி அறுந்தது. பை லாரியோடு போய்விட்டது. சாப்பாட்டு டப்பா மட்டும் ரோட்டில் உருண்டு ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தது.

மீட்டர்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

"லாரி இவ்வளவு கிட்ட வர்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியலையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கண்ணாடி கீழ இறங்கிடுச்சு."

"இறங்கின கண்ணாடியில என்னதான் தெரிஞ்சுது?"

"பேனா."

அந்த அம்மா செருப்புக் கடைக்குள் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "இன்னைக்குப் பை போச்சு. நாளைக்கு நான் போவேன். அந்தக் கண்ணாடி ஒழுங்கா நிக்கிற அன்னைக்கு வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் பஸ்ல போய்க்கிறேன்."

பஸ் ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும். ஆகவே அவர் வெகு முன்னதாகவே கிளம்ப வேண்டியிருந்தது. இவர் சாப்பிட வீட்டுக்கு வந்தால் பூட்டுதான் இருந்தது. அதன்பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் கண் திறந்த நிலையில் பார்க்கவில்லை. பல்வலியை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மீட்டர்காரர் என்னிடம் வந்து சொன்னார்.

நான் என்ன செய்ய முடியும்? எங்கள் அலுவலகத்துக்கு எதிரேதான் அவருடைய மச்சினன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அந்த அம்மாவின் தம்பி. அவனிடம் போகச் சொன்னேன்.

மச்சினன் கண்ணாடியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தான். "அடி நட்டு லூஸ், மாமா. ஒரு திருகு திருகினா நிக்கும்" என்று ஸ்பேனரை எடுத்தான். அப்புறம் டாங்கில் இருந்த முத்திரையைப் பார்த்தான். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஏன்டா?"

"வேணாம் மாமா. போன தடவை உங்க ஆபீஸ் வண்டிக்குக் காத்து அடிச்சுக் குடுத்தேன். யாரைக் கேட்டு அடிச்சேன்னு கூப்பிட்டு விசாரிச்சாங்க. அனுமதி இல்லாம அடிச்ச காத்தைத் திரும்ப எடுத்துக்கச் சொன்னாங்க. எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க."

அது உண்மைதான். அந்த விசாரணையை நடத்தியது எங்கள் பிரிவு.

"அப்ப என்னடா பண்றது?"

"ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போய் நீங்களே திருகிக்குங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

மீட்டர்காரர் ஸ்பேனரைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வண்டிக் கொட்டகைக்கு வந்தார். நட்டில் வைத்துத் திருகப் போன நேரத்தில் சூப்பிரண்டு வந்துவிட்டார். எங்கள் சூப்பிரண்டு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர். முன்னால் இருந்தால் வேலை செய்யச் சொல்லுமோ என்று கைகளுக்கே ஒரு பயம் இருக்கும் போலிருக்கிறது.

"என்னய்யா பண்றீங்க?"

"கண்ணாடி ஆடுதுங்க சார். நட்டை இறுக்கலாம்னு..."

"ஆடுதுன்னு யார் சொன்னது?"

"நான்தாங்க."

"நீங்க ஓட்டறவர். ஓட்டறவர் ஓட்டணும். ஆடுதா ஆடலையான்னு சொல்றதுக்கு வாகனப் பிரிவு இருக்கு. ஸ்பேனரைக் குடுங்க."

ஸ்பேனர் பறிமுதல் ஆனது. மேற்படி கண்ணாடி குறித்து ஒரு கோப்பு திறக்கப்பட்டது. என் மேஜைக்கு நேர் மேலே மின்விசிறி. கோப்பு பறக்காமல் இருக்க அதன் மேல் அந்த ஸ்பேனரை வைத்தேன். எந்தப் பொருளையும் வீணாக்குகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

மறுநாள் ஆய்வு. சூப்பிரண்டும் நானும் கொட்டகைக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தோம். கண்ணாடி அசையாமல் நின்றது.

"ஆடலையே" என்றார் சூப்பிரண்டு.

"ஓடும்போதுதாங்க சார் ஆடும்" என்றார் மீட்டர்காரர்.

"ஓடும்போது நாங்க எப்படிப் பார்க்கறது? நிக்கிற வண்டி பொருள். அது எங்க பிரிவு. ஓடுற வண்டி போக்குவரத்து. அது வேற துறை."

இது வெறும் சாக்கு என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் சூப்பிரண்டு கருணையுள்ளவர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கிற அதிகாரி நிற்பதாகத்தான் கணக்கு, ஏனென்றால் அவர் நடக்கவில்லை என்று ஒரு வழி கண்டுபிடித்தார். தாமே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கடைத்தெரு வரைக்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனார். குழியில் வண்டி இறங்கினதும் கண்ணாடி தலை குனிந்தது. அதே நேரத்தில் பின்னால் காதைக் கிழிக்கிற ஹாரன். சூப்பிரண்டு உயிர் பயத்தில் திரும்பிப் பார்த்தார். ஒரு பஸ்.

"பஸ் வருதுய்யா, ஒதுங்குய்யா, ஒதுங்கு" என்று அவர் அலற, மீட்டர்காரர் சாக்கடை ஓரம் ஒதுங்க, பஸ் போய்விட்டது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு வந்து நட்டை இறுக்கச் சொல்லியிருப்பார்கள். சூப்பிரண்டு சாதாரண ஆள் இல்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து யோசித்தார்.

"இன்னைக்கு என் உயிரைக் காப்பாத்தினது எது? கண்ணாடியா?"

"இல்லைங்க சார்."

"நான் திரும்பிப் பார்த்தேன். அதுதான் காப்பாத்திச்சு. அப்ப வண்டிக்குத் தேவை என்ன?"

"நட்டை..."

"நட்டை விடுங்க. நட்டு இறுக்கறதுக்கு நம்மகிட்ட ஒதுக்கீடு இருக்கா?"

நான் புரட்டிப் பார்த்தேன். இல்லை. ஆள் நியமிக்க ஒதுக்கீடு இருந்தது. நிறையவே இருந்தது.

இப்படித்தான் பின்னோக்கு உதவியாளர் என்ற பதவி பிறந்தது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விஷயம் டைரக்டர் அறைக்குப் போனது. டைரக்டர் தொலைநோக்கு உள்ளவர். அருகில் இருப்பது எதுவும் அவர் கண்ணில் படாது. "அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தா கழுத்து வலிக்கும். வைத்தியச் செலவு கேப்பாங்க. ஒரேயடியா பின்பக்கம் பார்த்து உட்காரட்டுமே" என்றார். அறையில் இருந்த அனைவரும் அந்த யோசனையின் ஆழத்தில் கொஞ்ச நேரம் மூழ்கியிருந்தோம். உதவியாளர் விழாமல் இருக்க இடுப்புக்கு ஒரு பெல்ட்டு, சாய்ந்துகொள்ள ஓட்டுநர் முதுகுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஒரு மெத்தை என்று முடிவாயிற்று. தெருமுனை வரும்போதெல்லாம் அவர் 'வருது' அல்லது 'வரல' என்று உரக்கச் சொல்ல வேண்டும். வேறு பேச்சு கூடாது.

ஒரே ஒரு நிபந்தனை. கண்ணாடி ஆடுகிற வண்டிக்குத்தான் உதவியாளர். தினமும் காலையில் வாகனப் பிரிவு, அதாவது நான், கண்ணாடியைத் தட்டிப் பார்க்க வேண்டும். தலை தொங்கினால் உதவியாளர் ஏறலாம். தொங்காவிட்டால் அந்தப் பதவி அன்றோடு காலாவதி. அரசுப் பணத்தைக் கண்டபடி செலவழிக்க நாங்கள் என்ன பைத்தியமா?

சேதி கேட்டு மீட்டர்காரர் என் மேஜைக்கு ஓடி வந்தார். முகம் விழுந்துவிட்டது.

"சார், நான் கேட்டது ஒரு திருகுதான். இப்ப அந்த சீட்டுல வேற ஆள் உக்காருவாரா?"

"ஆமா."

"அப்ப என் வீட்டுக்காரி எங்க உக்காருவா?"

பாவமாக இருந்தது. "அவங்களையே மனு போடச் சொல்லுங்க" என்றேன். அந்த வண்டியின் பின்பக்கத்தில் அந்த அம்மாவுக்கு இருந்த அனுபவம் ஊரில் வேறு யாருக்கு இருந்தது?

நேர்காணலுக்குப் பட்டம் வாங்கினவர்கள் பலர் வந்திருந்தார்கள். பின்னால் என்ன வருகிறது என்பதை எப்படி அறிவீர்கள் என்று கேட்டதற்கு, ஒலியின் வேகம், காற்றின் போக்கு, நிழலின் நீளம் என்று அவரவர் விளக்கினார்கள். அந்த அம்மாவிடமும் அதே கேள்வியை டைரக்டர் கேட்டார்.

"பார்ப்பேன்" என்றார் அந்த அம்மா.

டைரக்டர் வேறு ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டபடியால் அவரையே தேர்ந்தெடுத்தோம்.

பிஸ்கட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அந்த அம்மா எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தார். காலை முதல் மாலை வரை கணவனும் மனைவியும் ஒரே வண்டியில். பேசக் கூடாது என்ற விதி இருந்தது, ஆனாலும் குடும்பம் நடக்கத்தான் செய்தது. 'வரல' என்று சொல்வதிலேயே கோபமாகச் சொல்கிற விதம், கொஞ்சிச் சொல்கிற விதம் என்று இருப்பதை நானே கொட்டகையில் கேட்டிருக்கிறேன். "'வருது'ன்னா ஒதுங்கறார், 'வரல'ன்னா போறார். கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொல்லி இவர் கேக்கறது இப்பதான்" என்று அந்த அம்மா என்னிடம் ஒருநாள் சொன்னார். ஆனால் காலைத் தூக்கம் போய்விட்டது. விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, துவைத்து, வெயிலெல்லாம் சுற்றி, திரும்பிப் போய் மறுபடி சமைக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அது என் பிரிவில் வராது.

ஒரு வண்டிக்கு உதவியாளர் வந்ததும் மற்ற மீட்டர்காரர்களும் கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. சூப்பிரண்டின் தங்கை மகனுக்கும் வேலை இல்லாமல் இருந்தது. டைரக்டரின் சகலைக்கும் இருந்தது. என் மைத்துனனும் முழுக்க முழுக்கத் தகுதி அடிப்படையில்தான் தேர்வானான். சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்த வண்டிகளின் கண்ணாடிகள் ஆடவில்லை. கல்லுப் போல நின்றன. நான் தட்டினேன், குத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. உதவியாளர்கள் மெத்தையும் கையுமாகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மாலை எதிர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பலகை தொங்கியது. 'இங்கு கண்ணாடி தளர்த்தித் தரப்படும்.' எங்கள் வண்டிகள் வரிசையில் நின்றன. இறுக்குவதற்குத்தானே அனுமதி வேண்டும் என்று விதி? தளர்த்துவது பற்றி விதியில் ஒரு வார்த்தை இல்லை.

பிறகு நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல. தலை தொங்கின கண்ணாடியும் முதுகுப்பக்கம் பார்த்த ஆளுமாக எங்கள் வண்டிகள் ஊரைச் சுற்றின. கண்ணாடி தொங்கினால் அது அதிகார வண்டி என்று போக்குவரத்துக் காவலர்கள் வழி விட ஆரம்பித்தார்கள். சல்யூட் அடித்தவர்களும் உண்டு. இதைப் பார்த்த இளவட்டங்கள் விடுவார்களா? கண்ணாடி நிமிர்ந்து நிற்கிற வண்டியில் போவது கௌரவக் குறைச்சல் என்றாயிற்று. நல்ல நட்டுகளைக் கொண்டுவந்து மச்சினனிடம் கெடுத்துக்கொண்டு போனார்கள். சட்டைப்பையை மட்டும் காட்டுகிற கண்ணாடி என்று தனியாகவே ஒன்று கடைக்கு வந்தது. அதற்கு ஏற்ற மாதிரி பூப்போட்ட சட்டைப்பை வந்தது. காசுள்ளவர்கள் பின்பக்கம் பார்க்க ஆள் வைத்துக்கொண்டார்கள். இல்லாதவர்கள் வீட்டில் சும்மா இருந்த மாமனாரைத் திருப்பி உட்கார வைத்தார்கள். பேருந்துகளில்கூடக் கண்ணாடியைத் தொங்கவிட்டு, கண்டக்டரைப் பின் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். மச்சினன் ஒர்க்‌ஷாப்புக்கு மாடி கட்டினான்.

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்த வேளையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து சேர்ந்தார். வந்தது கூரை ஒழுகுவதைப் பார்க்க. பார்த்தார், ஒழுகுகிறது என்று சொன்னார், வேலை முடிந்தது. கார் வர நேரமாயிற்று. சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். என் மேஜையில் இருந்த ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு உலாவப் போனார். கோப்பு காற்றில் பறந்தது. நான் காகிதங்களைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கொட்டகைக்குள் போயிருக்கிறார். முன்னால் நின்ற வண்டியில் கண்ணாடி தொங்குவதைப் பார்த்திருக்கிறார். போகிற போக்கில், ஒரு காரணமும் இல்லாமல், நிமிர்த்தி நட்டை ஒரு திருகு திருகிவிட்டு வந்திருக்கிறார். ஸ்பேனரை என் மேஜையில் வைத்துவிட்டு, கார் ஏறிப் போய்விட்டார். அவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது.

அன்று மதியம் சுற்றுக்குப் போன மீட்டர்காரர் பாதியிலேயே திரும்பி வந்தார். அந்த அம்மா குழாயடியில் முகம் கழுவப் போக, இவர் நேராக என்னிடம் வந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், கண்ணாடி நிக்குது."

"என்னய்யா சொல்றீங்க?"

"நிக்குதுங்க. கடைத்தெரு தாண்டியும் நிக்குது. ரோடு பூராத் தெரியுது."

நாளைக் காலையில் நான் தட்டிப் பார்க்க வேண்டும். தொங்காவிட்டால் அந்த அம்மாவின் பதவி போகும். பிஸ்கட் கம்பெனியில் அவர் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். அதோடு நிற்குமா? ஒரு கண்ணாடி நிற்கிறதே, மற்றவை ஏன் நிற்கக்கூடாது என்று எவனாவது கேட்பான். என் மைத்துனன் மெத்தையோடு என் வீட்டுக்கு வந்துவிடுவான்.

"அது மட்டும் இல்லைங்க" என்று மீட்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடியில ஒரு பஸ் வர்றது தெரிஞ்சுது. கிட்டவே வந்துடுச்சு. இவ 'வரல'ன்னா. நானே ஓரங்கட்டினேன். பஸ் போயிடுச்சு. திரும்பிப் பார்க்கறேன், தூங்கிக்கிட்டு இருக்கா."

"தூங்கிக்கிட்டா?"

"நல்ல தூக்கம். தலை மெத்தையில சாஞ்சிருக்கு. அடுத்த முனை வந்ததும் கண்ணைத் திறக்காமலே 'வரல'ங்கறா. அதுக்கு அடுத்த முனையிலயும் 'வரல'."

"எத்தனை நாளா இப்படி?"

"யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் கண்ணாடி கிடையாதே."

இருவரும் குழாயடிப் பக்கம் பார்த்தோம். அந்த அம்மா முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"எழுப்பிச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"மனசு வரலைங்க. சொன்னா பதறிடுவா. தூங்காம இருக்கப் பாப்பா. ஏற்கெனவே உடம்பு பாதியா போச்சு. அவ அசந்து தூங்கறதே அந்த வண்டியிலதான்னு இப்பதான் தெரியுது." மேஜைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். "கண்ணாடி நின்னா பஸ்ஸும் தெரியும், அவளும் தெரிவா. ரெண்டையும் பார்த்துக்கிட்டு நான் எப்படி சார் ஓட்டறது? பயமா இருக்கு. இத்தனை நாள் தைரியமா ஓட்டினேன்."

அவர் கண் என் மேஜையில் இருந்த ஸ்பேனர் மேல் விழுந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மரத்தில் இலைகள் இருப்பதைக் கவனித்தேன். நான் மறுபடி திரும்பியபோது கோப்பு பறந்துகொண்டிருந்தது.

கொட்டகையில் அவர் நட்டில் ஸ்பேனரை வைத்த நேரத்தில் சூப்பிரண்டு வந்துவிட்டார். கைகள் முதுகுக்குப் பின்னால்.

"என்னய்யா பண்றீங்க?"

"கண்ணாடி நிக்குதுங்க சார். நட்டைத் தளர்த்தலாம்னு..."

"நிக்குதுன்னு யார் சொன்னது?"

"நான்தாங்க."

சூப்பிரண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். தூண் மறைவில் நின்ற என்னையும் பார்த்தார். பிறகு, நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். அவருடைய கைகள் முன்னால் வந்தன.

"கண்ணாடித் தண்டை நான் பிடிச்சுக்கிறேன். நீங்க திருப்புங்க" என்றார்.

நட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. தலைமை அலுவலகத்து இறுக்கு அல்லவா? சூப்பிரண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார், மீட்டர்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். கடைசியில் கண்ணாடி தலையைத் தொங்கப் போட்டது. நான் முறைப்படி வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். திருப்திகரமாக இருந்தது.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன, எல்லாரும் வண்டியைச் சுத்தி நிக்கிறீங்க? ஏதாவது கெட்டுப்போச்சா?"

"ஒண்ணுமில்ல, சரியாதான் இருக்கு. நீ ஏறு" என்றார் மீட்டர்காரர். மெத்தையை அவரே தட்டிச் சரிசெய்தார். பெல்ட்டை வழக்கத்தைவிட ஒரு துளை இறுக்கி மாட்டிவிட்டார்.

வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தெருமுனை வந்தது. "வரல" என்ற குரல் கேட்டது. எங்கள் தண்ணீர் லாரி அப்போதுதான் புறப்பட்டு அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தது. லாரியின் கண்ணாடிகளும் மச்சினன் கைவண்ணம்தான், இரண்டும் டிரைவரின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆகவே, எங்கள் அலுவலகத்தைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் யாரும் வேறு ஊரில் குடியிருக்கவில்லை. வேலை முடிந்து நானும் அதே கடைத்தெரு வழியாகத்தான் நடந்து வீட்டுக்குப் போகிறேன். பின்னால் ஹாரன் கேட்டால்கூட நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குத்தான் ஆள் போட்டிருக்கிறோமே.